கருத்துக் கேட்பும் மக்கள் ஐயமும்: மொழிவழி மாநில ஆணையங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

அரசு ஒரு பெருங்கொள்கையை வகுக்குமுன் ஆணையம் ஒன்றை அமைத்து, அதனை ஊர் ஊராக அனுப்பி, மக்களின் கருத்தைக் கேட்டறியும் முறை ஆங்கிலேயர் ஆட்சியின் வழியாக இந்தியாவிற்கு வந்ததாகும். விடுதலை பெற்ற இந்தியா அம்முறையைக் கைவிடவில்லை, விரிவாக்கிக் கொண்டது. அதனோடு சேர்ந்து வந்த மக்கள் ஐயமும் கைவிடப்படவில்லை. ‘முடிவை முன்பே எடுத்துவிட்டு நம்மை ஏன் கேட்கிறார்கள்?’ என்னும் வினா 1928இல் எழுந்தது, 1948இல் எழுந்தது, 1955இலும் எழுந்தது. இவ்வையத்தை அறியாமையின் விளைவு என்றோ, அரசியல் கட்சிகளின் தூண்டுதல் என்றோ ஒதுக்கிவிடும் போக்கு ஆட்சியாளரிடம் மட்டுமன்றி வரலாற்று நூல்களிலும் காணப்படுகின்றது. மொழிவழி மாநிலங்கள் உருவான வரலாற்றை நுணுகி நோக்கினால், அந்த ஐயம் பட்டறிவிலிருந்து பிறந்தது என்பதும், ஐயுற்றவர்களே ஆணையங்களின் முன் பெருந்திரளாகச் சென்று நின்றனர் என்பதும் புலனாகும்.

மகஜரும் சாட்சியமும்

இப்பொருள் பற்றிய இரண்டு சொற்களை முதலில் நோக்குதல் தகும். ஆணையத்திடம் பலர் சேர்ந்து அளிக்கும் எழுத்துவழி வேண்டுகோளை அக்காலத் தமிழ் இதழ்கள் ‘மகஜர்’ என்றே வழங்கின. அரபு மொழியில் ‘உடனிருத்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல் இது. ஒரு நிகழ்ச்சியின்போது உடனிருந்தோர் கூடிக் கையொப்பமிட்டுத் தரும் ஆவணம் என்பதே இதன் பழம்பொருள். தனி ஒருவர் தம் குறையைச் சொல்லி எழுதுவது மனு. ஊரார் பலர் ஒன்றுகூடி எழுதுவது மகஜர். கையொப்பங்களின் எண்ணிக்கையே மகஜருக்கு வலிமை தருவது.

மற்றொரு சொல் ‘சாட்சியம்’. ஆணையத்தின் முன் சென்று கருத்துரைப்பவர் ‘சாட்சி’ எனவும், அவர் கூறுவது ‘சாட்சியம்’ எனவும் பெயர் பெற்றன. இது நீதிமன்றத்துச் சொல். சாட்சி தாம் கண்டதையும் அறிந்ததையும் சொல்லலாம். தீர்ப்பில் அவருக்குப் பங்கில்லை. தம் விருப்பத்தை முடிவாக அறிவிக்க வந்த மக்கள் ஒருபுறம், அவர்களைச் சாட்சிகளாகக் கருதிய ஆணையம் மறுபுறம் என இருதரப்பினரும் இருவேறு பொருள்களில் ஒரே மேசையின் முன் அமர்ந்தனர். பின்னாளில் விளைந்த மனக்கசப்பின் ஒரு பகுதி இச்சொற்களிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

1928இன் நினைவு

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் செயற்பாட்டை ஆராய்வதற்காக 1927 நவம்பரில் சர் ஜான் சைமன் தலைமையில் எழுவர் குழு அமைக்கப்பட்டது. எழுவரும் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர். இந்தியர் ஒருவரும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு குழுவைப் புறக்கணிக்க முடிவு செய்தது. 1928 பிப்ரவரி 3ஆம் நாள் குழுவினர் பம்பாயில் வந்திறங்கியபோது நாடெங்கும் கடையடைப்பும் கருப்புக்கொடி ஊர்வலங்களும் நடைபெற்றன. அக்டோபர் 30ஆம் நாள் லாகூரில் நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தில் தடியடிபட்ட லாலா லஜபதி ராய் நவம்பர் 17ஆம் நாள் காலமானார்.

இவை பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெறும் செய்திகள். அந்நூல்கள் பெரிதும் கூறாமல் விடுவது, புறக்கணிக்காதவர்களின் வரலாறு. டாக்டர் அம்பேத்கர் 1928 அக்டோபர் 23ஆம் நாள் புனேயில் அக்குழுவின் முன் தோன்றி, ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளுக்காக வாதிட்டார். ஒரியா மொழி பேசும் மக்களின் தலைவர்களும் தம் கோரிக்கையை அதன்முன் வைத்தனர். 1903 முதல் உத்கல சம்மிலனியின் வாயிலாக ஒரே மாகாணம் கேட்டு வந்த அம்மக்கள், 1924இல் சென்னை மாகாணத்தின் ஒரியா பகுதிகளில் நடைபெற்ற பிலிப் – டஃப் விசாரணையிலும், 1931இல் அமைக்கப்பட்ட ஓடோனல் குழுவின் முன்னும் தளராது சாட்சியமளித்தனர். 1936 ஏப்ரல் 1ஆம் நாள் ஒரிசா மாகாணம் உருவாயிற்று. கேட்பவர் யார் என்பதைக் காட்டிலும் கேட்கும்போது சொல்லாமல் விடுவதால் நேரும் இழப்பு பெரிது என்று சிறுபான்மையினர் கருதியது வியப்பன்று. பெரிய கட்சிக்குப் புறக்கணிப்பு ஓர் ஆயுதம்; தெருவில் ஆள்பலம் இல்லாதவர்களுக்கு அதுவும் கைக்கெட்டாத ஒன்று.

தார் ஆணையம்

காங்கிரசு 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டிலேயே தன் மாகாணக் குழுக்களை மொழியடிப்படையில் அமைக்க முடிவு செய்திருந்தது. 1928ஆம் ஆண்டின் நேரு அறிக்கையும் மொழிவழி மாகாணக் கொள்கையை ஆதரித்தது. ஆகவே விடுதலைக்குப் பின் ஆந்திரர், கன்னடர், மலையாளிகள், மராத்தியர் ஆகியோர், வாக்களிக்கப்பட்ட ஒன்று நிறைவேறும் எனக் காத்திருந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது மாநிலமன்று, ஓர் ஆணையம்.

1948 ஜூன் 17ஆம் நாள் அரசியல் நிருணய சபையின் தலைவர் இராசேந்திர பிரசாத், எஸ். கே. தார், பன்னா லால், ஜகத் நாராயண் லால் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையத்தை அமைத்தார். தார், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. ஆந்திரம், கேரளம், கருநாடகம், மகாராட்டிரம் என்னும் நான்கு மாகாணங்களை அமைக்கலாமா என்பதே அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா. மூவரும் வட இந்தியர். அந்தந்த வட்டாரத்திலிருந்து இணை உறுப்பினர்கள் சேர்க்கப்பட்டபோதிலும், அறிக்கைக்குப் பொறுப்பேற்ற மூவருள் அந்நான்கு மொழிகளுள் ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவரும் இல்லை. சைமன் குழுவின்மீது கூறப்பட்ட குறை, தன்னாட்சி பெற்ற நாட்டில் வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டிற்று.

ஆயினும் மக்கள் புறக்கணிக்கவில்லை. நூற்றுக்கணக்கான மகஜர்கள் வந்தன. அம்பேத்கர் 1948 அக்டோபரில் மகாராட்டிரத்தை மொழிவழி மாகாணமாக்குவது குறித்து விரிவான மகஜர் ஒன்றை அளித்தார். இவற்றையெல்லாம் கேட்ட ஆணையம் டிசம்பர் 10ஆம் நாள் தந்த அறிக்கையில், மொழியை மட்டுமே, அல்லது மொழியைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு மாகாணங்களை அமைப்பது நாட்டின் நலனுக்கு உகந்ததன்று என முடிவு கூறிற்று.

முடிவைக் காட்டிலும் அம்முடிவிற்குச் சாட்சியங்கள் பயன்படுத்தப்பட்ட முறையே இங்குக் கருதத்தக்கது. மொழி என்பது தங்கள் பண்பாட்டையும் வரலாற்றையும் தனித்தன்மையையும் குறிப்பது என்று கற்றறிந்த பெரியோர் பலர் தம்முன் உறுதியாகக் கூறியதை ஆணையம் பதிவு செய்துள்ளது. அதனை ஏற்பதற்கான சான்றாக அது கொள்ளவில்லை. அஞ்சுவதற்கான அறிகுறியாகவே கொண்டது. காங்கிரசின் அறுபதாண்டுப் பணியின் எதிரில் குறுகிய பற்றுகளும் பொறாமைகளும் நிறைந்த பழைய இந்தியா நிற்பதைக் கண்டு திகைத்ததாக அறிக்கை கூறுகின்றது. எவ்வளவு உறுதியாகச் சொன்னார்களோ அவ்வளவுக்கு அவர்களின் கோரிக்கை இடர் மிக்கதாகத் தோன்றிற்று. மென்மையாகச் சொல்லியிருப்பின் வலுவற்ற கோரிக்கை எனத் தள்ளப்பட்டிருக்கும். நோய் நாடவந்த மருத்துவரின் முன் வாய்திறந்தவர் எல்லாரும் நோயாளிகளாகக் கருதப்பட்டனர். பிரிவினையின் குருதி உலராத ஆண்டு அது என்பதை மறுக்க இயலாது. ஐதராபாத்தில் படைநடவடிக்கை நிகழ்ந்ததும் அவ்வாண்டு செப்டம்பரில்தான். ஆணையத்தின் அச்சம் போலியன்று. எனினும் அச்சமே முடிவை வகுத்திருந்ததெனில் ஊர் ஊராகச் சென்று கேட்டதன் பயன் என்ன என்னும் வினா ஆந்திரத்தில் எழுந்தது இயல்பேயாம்.

‘மக்கள் உணர்வு’ என்னும் நிபந்தனை

அதே டிசம்பரில் ஜெய்ப்பூரில் கூடிய காங்கிரசு மாநாடு, எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்டு ஜவகர்லால் நேரு, வல்லபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் குழுவை அமைத்தது. இக்குழுவின் 1949 ஏப்ரல் அறிக்கை, மொழிவழி மாகாணங்களுக்குக் காலம் கனியவில்லை என்றது. ஆனால் மக்களின் உணர்வு விடாப்பிடியாகவும் பெருவெள்ளமாகவும் இருக்குமானால், மக்களாட்சியில் நம்பிக்கை கொண்டோர் என்ற முறையில் சில வரம்புகளுக்குட்பட்டு அதற்கு இணங்க வேண்டியிருக்கும் என்றும் கூறிற்று. சென்னை நகரின்மீதான உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆந்திர மாகாணத்தை மட்டும் அமைக்கலாம் என்பது குழுவின் கருத்து.

இவ்வறிக்கை மக்களாட்சிப் பண்புடையது என்று பாராட்டப்பட்டதுண்டு. விடுதலை இந்தியாவின் அரசியல் நடைமுறையைத் திசைதிருப்பியது இவ்வொரு நிபந்தனையே என்று கூறினும் தவறாகாது. உணர்வு விடாப்பிடியானது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? மகஜரால் இயலாது, மகஜர்களைத் தார் ஆணையம் முன்பே படித்து ஒதுக்கிவிட்டது. சாட்சியத்தாலும் இயலாது. எஞ்சியவை உண்ணாநோன்பும் தெருவும்.

1951 ஆகஸ்டில் சுவாமி சீதாராம் உண்ணாநோன்பு மேற்கொண்டு, முப்பத்தைந்து நாள்களுக்குப் பின் வினோபா பாவேயின் வேண்டுகோளை ஏற்று அதனை முடித்துக்கொண்டார். பயன் விளையவில்லை. 1952 அக்டோபர் 19ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஐம்பத்தெட்டு நாள்களுக்குப் பின் டிசம்பர் 15ஆம் நாள் இரவு உயிர் நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. டிசம்பர் 19ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என நேரு அறிவித்தார்.

இறப்பிற்கும் அறிவிப்பிற்கும் இடையே நான்கு நாள்கள். அதன்பின் நீதிபதி வாஞ்சூ மாநிலப் பிரிவினையின் நிதி முதலிய விளைவுகளை ஆராய நியமிக்கப்பட்டார், ஆனால் அப்போது ஆராய வேண்டியிருந்தது எவ்வாறு பிரிப்பது என்பதே, பிரிக்கலாமா என்பதன்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. பயணம் செய்து கேட்டறிந்த ஓர் ஆணையம் மறுத்ததை ஓர் உயிர் பெற்றுத்தந்தது என்னும் பாடத்தை நாடு முழுவதும் கற்றுக்கொண்டது.

1,52,250

இச்சூழலில்தான் மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பர் 29ஆம் நாள் அமைக்கப்பட்டது. ஒரிசா ஆளுநராக இருந்த சையத் பசல் அலி தலைவர். இருதயநாத் குன்சுருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினர். தன் செயல்முறையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை ஆணையத்திற்கு அளிக்கப்பட்டது. அமர்வுகள் பொதுவாகத் தனிமையில் நடைபெறும் என்றும் அரசின் தீர்மானம் குறித்தது. 1954 ஏப்ரல் 24ஆம் நாளுக்குள் மகஜர்களை அனுப்புமாறு பிப்ரவரியில் செய்திக்குறிப்பு வெளியாயிற்று.

ஆணையம் 104 இடங்களுக்குச் சென்றது. 38,000 மைல்களுக்கு மேல் பயணம் செய்தது. 9,000க்கு மேற்பட்டோரை நேரில் கண்டு பேசியது. வந்து சேர்ந்த எழுத்துவழிக் கருத்துகளின் எண்ணிக்கை 1,52,250. இவற்றுள் பெரும்பாலானவை தந்திகளும் அச்சிடப்பட்ட தீர்மானங்களுமே என்றும், நன்கு ஆராய்ந்து எழுதப்பட்ட மகஜர்கள் ஏறத்தாழ 2,000 மட்டுமே என்றும் ஆணையம் தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே தெரிவிக்கின்றது.

நூறு ஆவணங்களில் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவை இந்த ஒரு தொடரில் அடங்கிவிட்டன. ஆணையத்தின் நோக்கில் இதில் குறையொன்றுமில்லை. மூவரும் சில அலுவலரும் ஒன்றரை ஆண்டில் படித்து முடிக்கக்கூடிய அளவும் அன்று அது; ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தால் வாதம் ஆயிரம் மடங்கு வலுப்பெறாது என்பதும் உண்மை. ஆனால் அனுப்பியவர்களின் நோக்கு வேறு. அவர்கள் வாதத்தை அனுப்பவில்லை. தங்கள் இருப்பை அனுப்பினர். எல்லையோரத்துச் சிற்றூரின் பஞ்சாயத்து, ‘எங்கள் ஊர் இன்ன மாநிலத்தில் சேர்க்கப்பட வேண்டும்’ என நிறைவேற்றிய தீர்மானத்தில் நீர்ப்பாசனப் புள்ளிவிவரமோ வருவாய்க் கணக்கோ இராது. அவற்றைத் திரட்டுவதற்குரிய வழக்கறிஞரும் பேராசிரியரும் அவ்வூரில் இல்லை. மகஜர் என்னும் சொல்லின் பழம்பொருளுக்கு ஏற்ப, உடனிருந்தோர் ஒப்பமிட்டனர், அவ்வளவே. இரண்டாயிரம் நல்ல மகஜர்கள் யாரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரசுகள், கட்சிகள், வணிகக் கழகங்கள், பட்டம் பெற்றோர் நடத்திய அமைப்புகள் ஆகியவையே பெரிதும் அவற்றை எழுதும் ஆற்றல் வாய்ந்தவை.

ஐயமும் இத்திரளில் கலந்தே இருந்தது. எண்ணிக்கைக்கே செவி சாய்ப்பர் என்று 1952இல் கற்றவர்கள் எண்ணிக்கையைத் திரட்டி அனுப்பினர். முழுதும் நம்பியிருப்பின் ஒரு கடிதம் போதும். முழுதும் நம்பாதிருப்பின் அஞ்சல் செலவும் வீண். நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடைப்பட்ட ஒரு மனநிலையின் அளவே 1,52,250 எனலாம்.

ஆணையத்தின் நேர்மைக்கும் சான்று உண்டு. பசல் அலி பீகாருடன் நெடுங்காலத் தொடர்புடையவர். அதனால் பீகார் – வங்காளம், பீகார் – ஒரிசா எல்லைச் சிக்கல்களை ஆராய்வதில் அவர் பங்கேற்கவில்லை. இக்குறிப்பு அறிக்கையிலேயே உள்ளது. மறுபுறம், பணிக்கர் மலையாளி என்பது தமிழ் மேடைகளில் ஐயத்திற்குரிய காரணமாகச் சுட்டப்பட்டது. காசர்கோட்டை முன்னிட்டுக் கன்னடரும் இதே குறையைக் கூறினர். தலைவர் ஒதுங்கியபோது உறுப்பினர் ஏன் ஒதுங்கவில்லை என்னும் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று.

மார்த்தாண்டமும் தேவிகுளமும்

திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தின் தென்கோடித் தமிழ்ப் பகுதிகள் இவ்வரலாற்றைத் தெளிவாக விளக்குவன. ஏ. நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு, ஆணையம் பணியில் ஈடுபட்டிருந்த அதே காலத்தில் மக்கள் இயக்கத்தையும் நடத்தியது. ஒருபுறம் மகஜர், மறுபுறம் ஊர்வலம் என இருவழிகளும் ஒருங்கே கையாளப்பட்டன. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் ‘விடுதலை நாள்’ கொண்டாட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். பட்டம் தாணு பிள்ளை தலைமையிலான பிரசா சோசலிசுட்டுக் கட்சியின் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கூறினார். அக்கட்சி பின்னர் பிளவுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஆணையம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ் பேசுவோர் மிகுந்திருந்தபோதிலும் பொருளாதாரம் முதலிய பிற காரணங்களை முன்னிட்டு அவை கேரளத்திற்கே உரியவை என்றது. செங்கோட்டையிலும் இறுதியில் ஒரு பகுதியே கிடைத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று.

கிடைத்தது மகஜரின் பயனா, மார்த்தாண்டத்தின் பயனா என்று அன்றும் வாதிட்டனர். ஆணையத்தின் வாதங்களைப் படிப்போர் மொழி எண்ணிக்கை, நிலத்தொடர்ச்சி ஆகியவற்றையே அதில் காண்பர். துப்பாக்கிச் சூட்டிற்கு அங்குத் தீர்ப்பு எடை தரப்படவில்லை. பணிக்கரைக் குறித்த ஐயத்திற்கும் இந்த நான்கு வட்டங்கள் ஓரளவு மறுமொழியாகின்றன. எனினும் உயிரிழந்தோரின் ஊர்களில் மக்கள் எந்தக் காரணத்தை நினைவில் கொள்வர் என்பதை ஊகித்தல் அரிதன்று. தேவிகுளத்தின் தோட்டத் தொழிலாளர்களுக்கோ எண்ணிக்கை இருந்தும் அது போதவில்லை. மொழியே அளவுகோல் என்று அழைத்துவிட்டுத் தங்கள்வரையில் வேறு அளவுகோலைக் கொண்டனர் என்பது அவர்தம் மனக்குறை. மொழியே தனி அளவுகோல் என்று ஆணையம் எங்கும் கூறவில்லை. கேட்க வந்தவர்கள் அவ்வாறே புரிந்துகொண்டனர்.

வடவெல்லைச் சிக்கலும் இவ்வாறே நீண்டது. ம. பொ. சிவஞானம் முதலியோரின் போராட்டங்களுக்குப் பின், பட்டாஸ்கரின் நடுவர் முடிவை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

கேட்டபின் நிகழ்ந்தவை

ஆணையத்தின் அறிக்கை 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அளிக்கப்பட்டது. பதினாறு மாநிலங்களும் நடுவணரசின் ஆட்சியில் மூன்று பகுதிகளும் அமைக்கப்பட வேண்டும் என்பது பரிந்துரை. 1956ஆம் ஆண்டின் சட்டப்படி உருவானவை பதினான்கு மாநிலங்களும் ஆறு ஒன்றியப் பகுதிகளும். ஆணையம் கேட்டறிந்ததும் பரிந்துரைத்ததும் அரசின் கைக்குச் சென்றபின் வேறு வடிவம் கொண்டன. ஐயத்தின் இரண்டாம் வாயில் இங்குத் திறக்கின்றது.

பம்பாய்க்கு ஆணையம் இருமொழி மாநிலம் என்றது. மராத்தியர் ஏற்கவில்லை. 1956 சனவரியில் பம்பாய் நகரம் நடுவணரசின் ஆட்சியில் இருக்கும் என அறிவிக்கப்பட்டதும் நகரில் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. நடுவண் நிதியமைச்சர் சி. டி. தேசுமுக் அவ்வாண்டிலேயே பதவி விலகினார். பின்னர் விரிந்த இருமொழி மாநிலம் என்னும் முடிவு வந்தபோது அகமதாபாத்தில் குசராத்தியர் கொதித்தெழுந்தனர். 1960 மே 1ஆம் நாள் இரு மாநிலங்களும் பிரிந்தன. பம்பாயின் புளோரா நீரூற்றுச் சதுக்கம் இன்று ‘உதாத்மா சௌக்’ என, உயிரீந்தோர் பெயரால் வழங்குகின்றது.

தெலங்கானாவின் நிலை முற்றிலும் வேறானது. அங்கு ஆணையம் மக்களின் தயக்கத்தைச் செவிமடுத்தது. ஐதராபாத் மாநிலம் தனித்தே இருந்து, 1961ஐ ஒட்டி நடைபெறும் தேர்தலுக்குப் பின் அதன் சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையில் விரும்பினால் ஆந்திரத்துடன் இணையலாம் எனப் பரிந்துரைத்தது. ஆனால் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் இருபகுதித் தலைவர்களும் தில்லியில் செய்துகொண்ட ‘பெருமக்கள் உடன்பாடு’ அப்பரிந்துரையைத் தாண்டிச் சென்றது. 1969இல் தெலங்கானாவில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2010 பிப்ரவரியில் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆறு வழிகளை ஆராய்ந்த அதன் அறிக்கையில் ஓர் இயல் மட்டும் வெளியிடப்படாமல் உறையிலிட்டு அரசிடம் அளிக்கப்பட்டது. 2011இல் உயர்நீதிமன்றத்தில் அது வழக்காயிற்று. ஒன்றுபட்ட மாநிலத்தையே முதற்கண் விரும்பிய குழுவின் அறிக்கைக்குப் பின், 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமாயிற்று.

ஐயுறுவோர் எப்போதும் நேர்மையுடையோர் என்று கொள்வதும் பொருந்தாது. பெல்காம் எல்லைச் சிக்கலுக்கு ஆணையம் வேண்டும் என்று வற்புறுத்தியது மகாராட்டிரமே. அதற்காகச் சேனாபதி பாபட் உண்ணாநோன்பிருந்தார். 1966இல் மகாசன் ஆணையம் அமைந்தது. 1967இல் அதன் அறிக்கை பெல்காம் மைசூருக்கே உரியது என்றதும் மகாராட்டிரம் அதனை ஏற்க மறுத்தது. காசர்கோட்டின் வடபகுதியைக் குறித்த பரிந்துரையைக் கேரளம் மறுத்தது. கேட்டவர் நம்பத்தக்கவரா என்பது விடை வந்தபின் தீர்மானிக்கப்படுவதும் உண்டு.

வினாவிலேயே விடை

மொழிக் கொள்கையைப் பொறுத்தவரை இன்னொரு வகை ஐயம் எழுந்தது. அரசியலமைப்பின் 344ஆம் பிரிவின்படி 1955 ஜூன் 7ஆம் நாள் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைக்கப்பட்டது. எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளின் சார்பாளர்கள் அதில் இடம்பெற்றனர். ஆகவே உறுப்பினர் பற்றிய பழைய குறை இங்குப் பெரிதும் நீங்கிற்று. ஆனால் ஆணையம் ஆராய வேண்டியவை என்று அரசியலமைப்பு கூறியவை, ஒன்றியப் பணிகளில் இந்தியைப் படிப்படியாக மிகுதியாகப் பயன்படுத்துவது, ஆங்கிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது முதலியனவேயாம். எது ஆட்சிமொழி என்னும் வினா அங்கு இல்லை. எவ்வளவு விரைவில் என்னும் வினாவே இருந்தது. தென்னகத்தார் சொல்ல விரும்பியதற்கோ அவ்வினாவில் இடமில்லை.

வங்காளத்தின் மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்சியும் தமிழகத்தின் பி. சுப்பராயனும் அறிக்கைக்கு மாறுபட்ட குறிப்புகளை எழுதினர். இந்தி பேசாத மக்களின்மீது விளையும் சுமையை இருவரும் எடுத்துரைத்தனர். ஒப்பியல் மொழியியலில் உலகப்புகழ் வாய்ந்த ஒருவரின் எச்சரிக்கையும் பெரும்பான்மை அறிக்கையின் பின்னிணைப்பாகவே முடிந்தது. கோவிந்த வல்லப பந்த் தலைமையிலான நாடாளுமன்றக் குழு 1959 பிப்ரவரியில் தன் அறிக்கையைத் தந்தது. இதற்கிடையே 1958 மார்ச்சில் கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டில் இராசாசி உள்ளிட்டோர் ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றனர்.

மக்களின் கவலையைத் தணித்தது ஆணையமும் அன்று, குழுவும் அன்று. இந்தி பேசாதோர் விரும்பும் வரை ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும் என 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் அளித்த உறுதிமொழியே தணித்தது. நிறுவனங்களின் வழியாகக் கேட்டு எழுதப்பட்ட பல நூறு பக்கங்களைவிட ஒரு மனிதரின் வாய்ச்சொல் நம்பத்தக்கதாக இருந்தது. அச்சொல் அவருக்குப் பின் நிற்குமா என்பதே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைப் பற்றிய வாதங்களின் உட்பொருள். 1965 சனவரி 26ஐ ஒட்டித் தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. அவ்வுறுதிமொழி சட்டவடிவம் பெற்றது 1967இன் திருத்தத்தினால்தான்.

அரசியலமைப்பின் 344ஆம் பிரிவு, தொடக்கத்திலிருந்து ஐந்தாண்டு முடிவில் ஒரு முறையும், பத்தாண்டு முடிவில் மற்றொரு முறையும் ஆட்சிமொழி ஆணையம் அமைக்கப்படும் எனக் கூறுகின்றது. இரண்டாம் ஆணையம் அமைக்கப்படவேயில்லை. அதனை அமைக்குமாறு கோரி இந்தி பேசும் பகுதியிலோ பேசாத பகுதியிலோ குறிப்பிடத்தக்க இயக்கம் எதுவும் எழவுமில்லை.